பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தட்டல் ஒலி

தட்டல் ஒலி என்பது காரின் இரண்டு பகுதிகளுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி தேய்மானத்தால் கூடிப்போய், அவை ஒன்றையொன்று மோதுவதால் எழும் சத்தம் ஆகும். பட்டறைகளில் இதை 'நாக்கிங்' என்பர். சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைதவறி வெடிப்பதால் வரும் ஒலிக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் மாறிப்போவதுண்டு.

தமிழ்நாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அரிது. ஆனால் அவற்றுள் ஒன்றின் நெருங்கிய உறவு இங்கேயே தயாரானது. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' காரைத் தயாரித்தது. இது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக 1962இல் வந்ததே 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்'. முன் சக்கரத் தொங்கல், பின் சக்கரத்தின் ஊசல் அச்சு, குறுக்கே கிடக்கும் பட்டை வில் எல்லாம் இரண்டிலும் ஒரே அமைப்பு. எனவே ஹெரால்டு பார்த்துப் பழகிய மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயரின் தட்டலும் பெரும்பாலும் அறிமுகமான குரல்தான்.

காது ஏமாறுவது

எஃகில் ஒலி காற்றில் செல்வதைவிட ஏறத்தாழ 15 மடங்கு வேகமாகச் செல்லும். தனி அடிச்சட்டம் கொண்ட இவ்வகைக் கார்களில், முன் சக்கரத்தில் பிறந்த தட்டல் சட்டம் வழியாக ஓடி இருக்கைக்குப் பின்னால் பிறந்தது போலக் கேட்கும். ஸ்பிட்ஃபயரில் ஓட்டுநர் பின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையை ஒட்டி அமர்கிறார். கியர்பாக்ஸ் அவர் காலுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே 'எங்கே கேட்கிறது' என்பது பலவீனமான சாட்சி. 'எப்போது கேட்கிறது' என்பதே வலுவானது. எஞ்சின் வேகம், வண்டியின் வேகம், சுமை, திருப்பம் ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பதே கண்டறியும் முறை. அதற்கு முன் டிக்கியைக் காலி செய்வது நல்லது. கட்டப்படாத ஜாக்கியும் உதிரிச் சக்கரமும் பேரிங் போய்விட்டது என்ற பயத்தைப் பலருக்குக் கொடுத்திருக்கின்றன.

தருமபுரி மாவட்டச் சாலைகள்

இந்த நான்கையும் தனித்தனியே மாற்றிப் பார்க்கச் சாலையின் அமைப்பும் உதவ வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் அவை அருகருகே கிடைக்கின்றன. சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் நீண்ட ஏற்றம். எஞ்சின் மீது சுமை விடாமல் இருக்கும். வத்தல்மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைவு, திருப்பம் மிகுதி. மாவட்டத்தின் சமதளக் கிராமச் சாலைகளில் ஆளில்லா நேரத்தில் மெதுவாக உருட்டிப் பார்க்கலாம்.

ஏற்றத்தில் மூன்றாம் அல்லது நான்காம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் கோலிக்குண்டுகளைக் குலுக்குவது போன்ற மெல்லிய 'கிணுகிணு' ஒலி வந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் அது வெடிப்பு நாக்கிங். தீப்பொறி நேரம் முந்தியிருப்பது, பிஸ்டன் தலையில் கரி படிந்திருப்பது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது ஆகியவை காரணங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பி நேரத்தைப் பிந்தச் செய்தால் குறையும். இந்த ஒலி கேட்டதற்காக எஞ்சினை இறக்கிப் பிரிப்பது வீண் செலவு. ஆனால் மாதக்கணக்கில் கேட்டும் விட்டுவிட்டால் பிஸ்டன் ஓட்டை விழும்.

உருட்டிப் பார்க்கும் சோதனையைத் தொப்பூர் இறக்கத்தில் செய்யவே கூடாது. நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் தடுப்பு போய்விடும். பிரேக் சூடாகிச் செயலிழக்கும். தொடர் விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது.

எண்ணிப் பார்த்தல்

சமதளத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நியூட்ரலில் உருளும்போதும் தட்டல் தொடர்ந்தால் எஞ்சின் பெரும்பாலும் நிரபராதி. ஸ்பிட்ஃபயரின் 13 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். அந்த வேகத்தில் சக்கரம் இரண்டு விநாடிக்கு மூன்று சுற்றுச் சுற்றும். தொடக்ககால ஸ்பிட்ஃபயரில் பின் அச்சின் பல்விகிதம் 4.11 என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் பன்னிரண்டு முறை சுற்றும். தட்டல் மூன்றா, பன்னிரண்டா என்பதைக் காதால் பிரித்தறிய முடியும். மூன்று என்றால் சக்கர பேரிங், கம்பிச் சக்கரத்தின் தளர்ந்த கம்பி, பின் அச்சுத் தண்டின் கிராஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளில் உள்ள கிராஸ்களைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நான்காம் கியரில் எஞ்சினும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அந்தக் கியரிலேயே ஓட்டிப் பார்ப்பவருக்கு இரண்டின் தட்டலும் ஒன்றாகவே தோன்றும். அதே சாலை வேகத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றினால் எஞ்சின் மட்டும் வேகமெடுக்கும்; தட்டலும் கூடவே வேகமெடுத்தால் அது எஞ்சினுடையது.

வளைவில் அல்லது பள்ளத்தில் மட்டும் வரும் 'டொக்' ஒலியை அலட்சியப்படுத்தக் கூடாது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் முன் சக்கரங்களைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடி முனை, 'டிரன்னியன்' எனப்படும் பித்தளைப் பூட்டுக்குள் திருகு மரையில் திரும்புகிறது. அதற்கு கியர் ஆயில் செலுத்த வேண்டும். எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்துப் பழகிய கை இதற்கும் கிரீஸே அடித்துவிடும். கிரீஸ் உள்ளே இறுகி, மரை உலர்ந்து தேய்ந்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். இவ்வகைக் கார்களின் தட்டல்களில் உயிருக்கே ஆபத்தானது இதுதான். செலவோ எஞ்சின் வேலையில் ஒரு பங்குகூட இராது.

எஞ்சினுக்குள் இருந்தால்

எஞ்சின்தான் என்று உறுதியானால், நின்ற இடத்திலேயே மற்றதை அறியலாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மீதும் கைப்பிடியைக் காதோரத்திலும் வைத்துக் கேட்பது பட்டறைகளின் பழைய வழக்கம்; சுழலும் ஃபேனிடம் மட்டும் கவனம் தேவை. வால்வு டேப்பெட்டின் ஒலி எஞ்சின் வேகத்தில் பாதிக்குத்தான் வரும், கூர்மையாக இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடானதும் அடங்குவது பிஸ்டன் ஆட்டம். அதோடு பல ஆயிரம் கி.மீ. ஓட்டியவர்கள் உண்டு.

எஞ்சினைச் சற்றே வேகமெடுக்க வைத்து ஆக்சிலேட்டரை விடும் கணத்தில் 'தடதட' என்று கனமாகக் கேட்டால் கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு பிளக்காகத் துண்டித்து, அதன் வயரைப் பூமியோடு இணைத்துக் கேட்க வேண்டும். எந்தப் பிளக்கை நிறுத்தும்போது தட்டல் தணிகிறதோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. எந்தப் பிளக்குக்கும் அசையாத ஆழ்ந்த 'தும்' ஒலி கிராங்கின் மெயின் பேரிங்காக இருக்கலாம். கிளட்சை மிதிக்கும்போது ஒலி மாறினால், ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்பக்கக் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்கைப் பக்கவாட்டில் தாங்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. டிரையம்பின் இந்தச் சிறு எஞ்சின்களில் அவை கழன்று ஆயில் சம்ப்பில் விழுவது பெயர்பெற்ற கோளாறு. அதன் பின்னும் ஓட்டினால் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைத்துவிடும்.

பிக் எண்ட் தட்டல் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டால் சம்ப்பைக் கழற்றி, எஞ்சினை இறக்காமலே பேரிங் ஓடுகளை மாற்றலாம். கிராங்கில் கோடு விழுந்துவிட்டால் அதைக் கழற்றி கிரைண்டிங் செய்து, அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டாமல் லாரியில் ஏற்றிச் செல்வதே மலிவு.