புனலூர் தொங்கு பாலம்

சென்ற விடுமுறையில் பேரனைப் புனலூருக்கு அழைத்துப் போனேன். கல்லடா ஆற்றின் மேலுள்ள பழைய இரும்புப் பாலத்தைக் காட்டி, "வண்டி போனால் இது ஆடுமாம்" என்றேன். "ஆடுகிற பாலம் எப்படித் தாத்தா பலமான பாலம்?" என்று கேட்டான். ரயில்வேயில் பாலங்களோடு காலம் கழித்த எனக்கு, இது எல்லாருக்கும் சொல்ல வேண்டிய விஷயமாகப் பட்டது.

ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1877-இல், ஆல்பர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டிய பாலம் இது. நீளம் சுமார் 400 அடி. அன்று செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆரியங்காவு கணவாய் வழியாக அந்தப் பக்கத்துக்கும் கொல்லத்துக்கும் இடையே வண்டிகள் போய்வர இந்தப் பாலம் உதவியது.

மலையாளத்தில் இதைத் தூக்குபாலம் என்பார்கள். நமக்குத் தூக்குப்பாலம் என்றால் பாம்பனில் கப்பலுக்கு வழிவிடுவதுதான் நினைவுக்கு வரும். இது தொங்கு பாலம். கற்கோபுரங்களின் மேல் இரும்புச் சங்கிலிகளைப் போட்டு, அவற்றின் நுனிகளை இரு கரையிலும் கிணறு போன்ற குழிகளில் இறக்கிப் பிணைத்திருக்கிறார்கள். சங்கிலியிலிருந்து தொங்கும் கம்பிகள் பலகைத் தளத்தைத் தாங்குகின்றன. இழுவிசையைத் தாங்குவதில் இரும்பு கெட்டி. அமுக்கத்தைத் தாங்குவதில் கல் கெட்டி. ஒவ்வொன்றுக்கும் அதனால் முடிந்த வேலையையே கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் ஆடுகிறது? வீட்டுக் கொடியில் ஒரு பக்கம் ஈர வேட்டியைப் போட்டுப் பாருங்கள். அந்த இடம் தாழும், மறுபக்கம் சற்று உயரும், கயிறு அறுந்துவிடுவதில்லை. பாரம் நகர நகரச் சங்கிலியும் அப்படித்தான் வடிவம் மாறுகிறது. காட்டு விலங்குகள் பயந்து திரும்பட்டும் என்றே ஆடும்படி கட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடுவது தொங்கு பாலத்தின் இயல்பு.

ரயிலுக்கு இந்த ஆட்டம் ஆகாது. எனவேதான் 1904-இல் வந்த கொல்லம் - செங்கோட்டைப் பாதையில், கழுதுருட்டியில் பதின்மூன்று கண்களோடு கல்வளைவுப் பாலம் கட்டினார்கள். மீட்டர் கேஜாக இருந்த அந்தப் பாதையில் 2018 முதல் அகல ரயில் ஓடுகிறது.

பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்துவிட்டதால், இப்போது பழைய பாலத்தில் வண்டிகள் போவதில்லை. தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். தென்காசிப் பக்கம் ஊருக்குப் போகும் குடும்பங்கள் வழியில் அரைமணி நேரம் இறங்கி, இரண்டு ஊர்களையும் சேர்த்து வைத்த பாலம் இது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.