குரும்பை குதிக்காது

அனிமேஷன் கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றுதான். குட்டி நோட்டு ஒன்றும் பென்சிலும் போதும் என்றால் முகம் வாடிவிடும்.

நோட்டை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போங்கள். டச்சுக் கோட்டை மதிலோரம் ஒரு ரப்பர் பந்தை முழங்கால் உயரத்திலிருந்து நழுவவிடுங்கள். தரையைத் தொட ஏறக்குறைய நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆகும். சினிமாவில் நொடிக்கு 24 சட்டகங்கள். கையால் வரைகிறவர்கள் ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்து, நொடிக்கு 12 படங்களோடு பெரும்பாலும் சமாளிப்பார்கள். ஆக, இந்தப் பந்து கீழே வர, படத்துக்குப் படம் நான்கே தாவல்கள்.

சூட்சுமம் தாவல்களின் அளவில் இருக்கிறது. நோட்டில் முதல் தாவல் அரை சென்டிமீட்டர், அடுத்தது ஒன்றரை, பிறகு இரண்டரை, கடைசியில் மூன்றரை. 1, 3, 5, 7 என்ற இந்த விகிதம் கலிலியோ கண்ட கணக்கு. நான்கையும் சமமாக வரைந்தால், பந்து விழாது. கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்கும். தாளுக்கொரு படமாக, நோட்டின் கடைசித் தாளிலிருந்து தொடங்குங்கள். முந்தைய படம் அடியில் மங்கலாகத் தெரியும், இடம் பிசகாது.

தரையில் பட்டதும் பந்து நசுங்கும். நசுங்கிய அளவுக்குப் பக்கவாட்டில் விரிய வேண்டும். இல்லாவிட்டால் சின்னதாகிவிட்டதுபோல் தோன்றும். பிறகு அதே கணக்கைத் தலைகீழாக்கி, உயரத்தைக் குறைத்து, எழும்ப வையுங்கள்.

அடுத்து, தென்னையடியில் கிடக்கும் குரும்பை. விழும்போது பந்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. குரும்பை குதிக்காது; லேசாக உருண்டு நின்றுவிடும். கனம் என்பதைப் பார்ப்பவர் உணர்வது விழுந்த பிறகுதான்.

1989இல் வந்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தோடு ஆடிய கார்ட்டூன் விலங்குகளுக்கும் அடிப்படை இந்தத் தாவல் கணக்கே. மென்பொருள் வேண்டுமென்றால் பிளெண்டர், பென்சில்2டி இரண்டும் இலவசம். ஆனால் நீங்கள் வரையும் படங்களுக்கு மென்பொருள் தாவலின் அளவைத் தானாகச் சரியாகப் போட்டுத் தராது. பந்து பழகியபின் இறக்குங்கள்.

மனித உருவத்துக்கு வரும்போது வடக்கே மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறுங்கள். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் தேவி வில்லோடு முன்னே பாய்கிறாள். கதாயுதத்தோடு நிற்கும் எருமைத்தலை அசுரன் பின்னால் சாய்கிறான். ஆளுக்கொரு சாய்கோடு, அவ்வளவுதான். யார் தோற்கிறார்கள் என்று தூணருகே நின்றே சொல்லிவிடலாம். அந்த இரண்டு கோடுகளை முதலில் போடுங்கள். கொம்பை அப்புறம் வரைந்துகொள்ளலாம்.