நூல் போட்டு முகத்தைத் தூக்கலாமா?

வயசு ஏற ஏறத் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் குறையும். கன்னமும் தாடையும் தொங்கும். 'கத்தி இல்லாம சரிபண்றோம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, குழுவில் கடன் வாங்கலாமான்னு நம்மில் சிலர் யோசிக்கிறோம். அழகா இருக்க ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் விவரம் தெரிஞ்சுக்குவோம்.

இதற்குப் பெயர் 'திரெட் லிஃப்ட்'. மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் மெல்லிய நூலைச் செலுத்தி, தொங்கும் சதையை மேலே இழுத்து நிறுத்துவார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் தையலுக்குப் பயன்படும் பி.டி.ஓ. நூல்தான். சுமார் 6 மாதத்தில் அது உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். பலனும் நிரந்தரமில்லை. ரொம்பத் தொங்கிய தோலுக்கு இது உதவாது.

வீக்கம், கன்றிப்போதல் சில நாளில் சரியாகும். ஆனால் சீழ் பிடித்தாலோ, நூல் வெளியே தெரிந்தாலோ, முகம் கோணினாலோ மறுபடி வைத்தியம், மறுபடி செலவு.

எனவே பியூட்டி பார்லரில் செய்யவே கூடாது. இதில் பயிற்சி பெற்ற தோல் டாக்டர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் போங்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லுங்கள்.

நூல் கரைஞ்ச பிறகும் தவணை கரையாது. கடன் கேட்கும் முன் கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம். வெயிலில் போகும்போது முந்தானையால் முகத்தை மூடுவோம்; அதற்குச் செலவே இல்லை!