குறைந்த அளவில் பரவிய நுரையீரல் புற்றுநோய்

குறைந்த அளவில் பரவிய நுரையீரல் புற்றுநோய் என்பது, நுரையீரலில் தோன்றிய புற்றுநோய் பிற இடங்களுக்குப் பரவியிருந்தும், அவ்வாறு உருவான இரண்டாம்நிலைக் கட்டிகள் மிகச் சிலவாகவே உள்ள நிலையாகும். பொதுவாக மூன்று முதல் ஐந்து கட்டிகள் வரை எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி ஆகியன நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் பரவும் இடங்களாகும். மருத்துவத்தில் இந்நிலை ஒலிகோமெட்டாஸ்டாசிஸ் எனப்படுகிறது. ஒலிகோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சில என்பது பொருள்.

கருத்தின் தோற்றம்

வேறு உறுப்புகளுக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோய் நான்காம் கட்டத்தைச் சேர்ந்தது. நெடுங்காலமாக இக்கட்டத்தில் மருந்துகள் மட்டுமே முதன்மைச் சிகிச்சையாக இருந்தன. வாழ்நாளை நீட்டிப்பதும் துன்பத்தைத் தணிப்பதுமே அதன் நோக்கங்கள். 1995 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஹெல்மன், ரால்ஃப் வைக்சல்பாம் ஆகியோர், புற்றுநோய் ஓரிடத்தில் நிற்பதற்கும் உடலெங்கும் சிதறுவதற்கும் இடைப்பட்ட ஒரு நிலை உண்டு என்றனர். அந்நிலையில் எல்லாக் கட்டிகளையும் அழித்தால் சிலர் நெடுங்காலம் வாழக்கூடும் என்பதே இக்கருத்தின் சாரம்.

சிகிச்சை

மருந்துச் சிகிச்சையுடன், நுரையீரலிலுள்ள மூலக் கட்டிக்கும் இரண்டாம்நிலைக் கட்டிகளுக்கும் நேரடிச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இதற்கு இரு முக்கிய வழிகள் உள்ளன.

அறுவைச் சிகிச்சை: கட்டி வெட்டி அகற்றப்படுகிறது. 1990 இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையில் ஒரே கட்டி உள்ளவர்களுக்கு அதை அகற்றியபின் கதிர்வீச்சு அளித்தபோது வாழ்நாளின் இடைநிலை அளவு 40 வாரங்களாக இருந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு இது 15 வாரங்கள்.

குறியிலக்குக் கதிர்வீச்சு: பல திசைகளிலிருந்து வரும் கதிர்க்கற்றைகள் கட்டியில் சந்திக்குமாறு செலுத்தப்படுகின்றன. ஒவ்வொரு கற்றையும் தன் வழியிலுள்ள நலமான திசுவுக்குச் சிறிதளவே கதிர்வீச்சை அளிக்கிறது. அவை கூடும் இடத்திலோ அளவு மிக அதிகமாகிறது. மூச்சு விடும்போது நுரையீரல் அசைவதால் கட்டியின் இடமும் மாறும். எனவே அவ்வசைவு முன்னதாகவே அளவிடப்படுகிறது. சில அமர்வுகளிலேயே சிகிச்சை நிறைவுறும்.

ஆய்வு முடிவுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 49 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வின் தொடர் முடிவுகள் 2019 இல் வெளியாயின. மூன்று அல்லது அதற்கும் குறைவான பரவற்கட்டிகள் இருந்து, முதல் மருந்துச் சிகிச்சைக்குப் பின் நோய் முன்னேறாதவர்களே இதில் சேர்க்கப்பட்டனர். நேரடிச் சிகிச்சை பெற்றோரின் வாழ்நாளின் இடைநிலை அளவு 41.2 மாதங்களாகவும், பெறாதோருடையது 17 மாதங்களாகவும் இருந்தன.

பலவகைப் புற்றுநோயாளிகள் 99 பேர் பங்கேற்ற வேறோர் ஆய்வும் 2019 இல் நன்மையைக் காட்டியது. ஆனால் கதிர்வீச்சு பெற்ற 66 பேரில் மூவரின் இறப்புக்குச் சிகிச்சையே காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது.

இருநூறுக்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024 இல் அறிவிக்கப்பட்டது. இதில் நேரடிச் சிகிச்சையால் வாழ்நாள் கூடவில்லை, பக்கவிளைவுகளே கூடின. இவர்களுள் பெரும்பாலோர் நோயெதிர்ப்பு மருந்துகளைப் பெற்றவர்கள். முந்தைய 49 பேர் ஆய்வு, அம்மருந்துகள் பரவலாவதற்கு முன் தொடங்கியதாகும்.

நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தல்

பெட் ஸ்கேன், மூளைக்கான எம்.ஆர்.ஐ. ஆகியவற்றின் மூலம் கட்டிகள் எண்ணப்படுகின்றன. எனினும் கருவிகளுக்குப் புலப்படாத நுண்ணிய பரவல் இருக்கக்கூடும். அத்தகையவருக்கு நேரடிச் சிகிச்சை பயன் தராமல் பாதிப்பை மட்டும் தரலாம். ஆகவே கட்டிகளின் எண்ணிக்கையுடன் அவற்றின் இடம், மருந்துக்கு நோய் அடங்கும் விதம், நோயாளியின் உடல்வலிமை ஆகியனவும் கருதப்படுகின்றன. அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய துறைகளின் மருத்துவர்கள் கூடி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவெடுக்கின்றனர்.