ஒரு கிளையின் கோளாறு எத்தனை ஊருக்குப் போகும்?

2002 நவம்பர் 13. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் கணினி வலை திணறத் தொடங்கியது. நான்கு நாட்களாக அது எழுவதும் விழுவதுமாக இருந்தது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சுவிட்சோடு சுவிட்சாகக் கோத்து வளர்த்துக்கொண்டே போன 'லேயர்-2' வலைக்குள் தகவல் முடிவில்லாமல் சுற்றியதுதான் காரணம்.

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை இணைக்கச் சேவை நிறுவனங்களிடம் விபிஎன் என்னும் தனி வலை இணைப்பை வாங்குகின்றன. லேயர்-2 வேண்டுமா, லேயர்-3 வேண்டுமா என்ற கேள்வி அப்போது வரும். பாஸ்டன் கதை நினைவுக்கு வரவேண்டிய இடம் அதுதான்.

லேயர்-2 என்பது ஈதர்நெட் உலகம். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி உண்டு. அது வெறும் பெயர். ஊர், தெரு எதுவும் அதில் இராது. ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் சுவிட்ச் எல்லா வாசல்களிலும் தண்டோரா போட்டுவிடும். லேயர்-3 ஐபி உலகம். ஐபி முகவரியில் எந்த வலை, அதற்குள் எந்தக் கணினி என்ற பிரிவு உண்டு. ரவுட்டர் அதைப் பார்த்து உரிய திசையில் மட்டும் அனுப்பும்.

இன்னொரு வேறுபாடு சிறியது, ஆனால் உயிர்நாடி. ஐபி உலகில் தகவல் 'பாக்கெட்' என்ற சிறு பொதிகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் 'டிடிஎல்' என்ற எண் இருக்கும்; அதிகபட்சம் 255. கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட் அங்கேயே தூக்கி எறியப்படும். ஈதர்நெட்டில் இந்த ஆயுள் கணக்கு கிடையாது. பாதை வளையமாகிவிட்டால் தண்டோரா சுற்றிச் சுற்றிப் பெருகும். வளையத்தைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த முறை 'ஸ்பேனிங் ட்ரீ'. அதன் பழைய தரவிதி ஏழு சுவிட்சுகளுக்கு மேல் வலை நீளவேண்டாம் என்றது. பாஸ்டனில் அந்த எல்லை தாண்டப்பட்டிருந்தது.

லேயர்-2 விபிஎன் வாங்கினால், ஊர்களுக்கிடையே நீண்ட ஈதர்நெட் கம்பி கிடைத்ததுபோலத்தான். வழிகளை நம் ரவுட்டர்களே முடிவுசெய்யும். லேயர்-3இல் அந்த வேலையைச் சேவை நிறுவனமும் பகிர்ந்துகொள்கிறது. எரிக் ரோசன், யாக்கவ் ரெக்டர் இருவரும் 1999இல் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வழிப்பட்டியல். இரண்டு நிறுவனங்கள் 10.1.1.0 என்ற ஒரே முகவரியை வைத்திருந்தாலும், 8 பைட் அடையாளம் ஒன்றை முன்னால் சேர்த்துப் பிரித்துவிடுவார்கள்.

நூறு கிளைகளை நேருக்கு நேர் இணைக்க 4,950 ஜோடி இணைப்புகள் தேவை. லேயர்-3இல் ஒவ்வொரு கிளையும் சேவை நிறுவனத்தின் ரவுட்டரோடு மட்டும் பேசினால் போதும்: நூறே உறவுகள். ஆகவே கிளைகள் நிறைந்த வங்கிக்கு லேயர்-3 பொருந்தும். ஐபி முகவரி மாறாமல் மெய்நிகர் கணினிகளை இடம் மாற்ற விரும்பும் இரண்டு தரவு மையங்களுக்கு லேயர்-2 வேண்டும். 2015இல் தரநிலையான இவிபிஎன் என்ற முறை, மேக் முகவரிகளை முன்கூட்டியே அறிவித்துத் தண்டோராவைக் குறைக்கிறது.

எதை வாங்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சேவைகள் நம் தகவலைப் பிறர் தகவலோடு கலக்காமல் பிரிக்கின்றனவே தவிர, தாமாகப் பூட்டுவதில்லை. ரகசியம் வேண்டுமென்றால் ஐபிசெக் போன்ற குறியாக்கத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

பாஸ்டன் மருத்துவமனை ரவுட்டர்களை நடுவே வைத்துத் தன் வலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டது. கையெழுத்துப் போடுமுன் விலையோடும் வேகத்தோடும் இதையும் கேளுங்கள்: ஏதோ ஒரு கிளையில் யாரோ ஒருவர் கேபிளைத் தவறான இடத்தில் செருகினால், எத்தனை ஊர்களில் வேலை நிற்கும்?