தோட்டத்து வீட்டுக்கு எந்த நாய்? ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

திருச்செங்கோடு:

தோட்டத்து வீடு. கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. மகன் ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கிறான். வர மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் இருப்பது வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும். நடுராத்திரி வாசலில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டால் வயிறு கலங்குமா, கலங்காதா?

2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூன்று பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்று நகையைக் கொண்டு போனார்கள். இரண்டும் நமக்கு எட்டாத ஊர் அல்ல. காமிரா வைக்கலாமா, கம்பி வேலி போடலாமா, நாய் வாங்கலாமா என்று பேசாத தோட்டக்காரர் இல்லை.

நாய் என்றதும் இரண்டு பெயர்தான் அடிபடுகிறது. ஒன்று ராஜபாளையம். இன்னொன்று சிப்பிப்பாறை. இரண்டுமே விருதுநகர் மாவட்டத்துச் சரக்கு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் இரண்டின் பெயரையும் சொன்னதும் கிராக்கி இன்னும் ஏறிவிட்டது. ராஜபாளையத்துக்கு அதற்கு முன்பே, 2005-ல், தபால் தலையே வந்திருக்கிறது.

‘‘ஏனுங்க, நல்லாக் கடிக்கிற நாய் எது?’’ – வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி இது. கேள்வியே தப்பு. காவல் நாயின் வேலை கடிப்பது அல்ல. ஆள் வேலியைத் தாண்டும் முன்பே வீட்டை எழுப்பிவிடுவது. அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காவலுக்குப் பிறந்தது

ராஜபாளையம் பால் வெள்ளை. மூக்கு ரோஸ் நிறம். நின்றால் இரண்டடிக்கு மேல் உயரம். பாளையக்காரர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன ஜாதி. அன்னியர் தொட்டால் ஒப்பாது, இடத்தை விட்டுக்கொடுக்காது. காவலுக்கு என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ஒரு கண்டிஷன். ராஜபாளையம் பெரும்பாலும் ஒருத்தர் கைக்குத்தான் அடங்கும். இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். மகன் ஆசையாகக் குட்டி வாங்கி, தானே சோறு வைத்து, தானே பழக்குகிறான். ஆறாம் மாதம் ரிக் வண்டி கிளம்பிவிடுகிறது. ஆளும் போய்விடுகிறான். அப்பாரு சொன்னால் நாய் கேட்பதில்லை. பால்காரர் உள்ளே வர முடியவில்லை. கடைசியில் சங்கிலி! ஆகவே வீட்டில் தங்கப் போகிறவர் யாரோ, அவர் கையாலேயே முதல் நாளிலிருந்து சோறு போக வேண்டும்.

காது கேட்காத காவல்காரன்

இன்னொரு சங்கதி. வாங்குகிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்காது. விற்கிறவர் தானாகச் சொல்லவும் மாட்டார்.

வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடு! தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரத்திலேயே காது அடைத்துப் போகும். வெள்ளையாக வேண்டும், மூக்கு ரோஸாக வேண்டும் என்று தேடித் தேடி இனம் சேர்த்ததன் பலன் இது. அழகான குட்டி, கொழு கொழு குட்டி, பணம் எண்ணி வாங்கி வந்தாயிற்று. திருடன் கதவைத் தட்டினாலும் அது தூங்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். குட்டி மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது பார்க்காதீர்கள். ஒன்று திரும்பினால் அதைப் பார்த்து செவிடும் திரும்பும். தனியாகப் பிரித்து விடுங்கள். அது வேறு பக்கம் பார்க்கையில் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். தரையில் போட்டால் அதிர்வு தெரிந்துவிடும். கையில் பிடித்தே தட்ட வேண்டும். தூங்கும்போதும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கு சத்தம் கேட்கும், எந்தத் திசை என்று தெரியாமல் முழிக்கும்.

ஓடப் பிறந்தது

சிப்பிப்பாறை வேறு ரகம். ஒல்லி உடம்பு, நீளக் கால், ஒட்டிய வயிறு. விலா எலும்பு தெரியும். ‘‘பட்டினி போடறீங்களா?’’ என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அதன் வாகே அப்படி. வம்புக்குப் பயந்து சோற்றைத் திணிக்க வேண்டாம். செவலையும் உண்டு, சாம்பலும் உண்டு. கறுப்பில் பழுப்பு வைத்ததைக் கன்னி என்பார்கள்.

முயலைக் கண்ணால் பார்த்து, ஓடிப் பிடிப்பதற்கென்றே வளர்த்த நாய் இது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டைக்குப் போனால் கேஸ். சட்டம் நாய்க்குத் தெரியுமா? அசைவது எதைக் கண்டாலும் அதற்குக் கால் நிற்காது. நம்ம பக்கம் அசைவது என்ன? கோழி! பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்குட்டி. சண்டை வந்தால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகும். ரோட்டோரத் தோட்டமாக இருந்தால் இன்னும் மோசம். எதிரே பூனை ஓடியது என்றால் லாரி வருகிறதா என்று பார்க்காமல் பாய்ந்துவிடும்.

குறைத்துச் சொல்லவில்லை. ஆள் வந்தால் சிப்பிப்பாறையும் குரைக்கும். நோய்நொடியும் குறைவு. சுற்றிலும் உயரமான வேலி போட்ட இரண்டு ஏக்கர், தினம் காலையிலும் மாலையிலும் ஓடவிட ஒரு வாலிபர், வீட்டில் கோழி ஆடு இல்லை – இது மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

லைன் வீட்டுக்கு?

டவுனுக்குள் லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு இந்த இரண்டில் ஒன்றைக் கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். ஓட்டம் இல்லாமல் கட்டிப் போட்டால் காக்காய்க்கும் குரைக்கும், காற்றுக்கும் குரைக்கும். பத்து நாளில் வீட்டுக்காரருக்கே அந்தச் சத்தம் பழகிவிடும். பதினோராவது நாள் நிஜத் திருடன் வந்தாலும் ‘‘சும்மா கெட’’ என்று அதட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு தெருநாய்க் குட்டியை எடுத்து ஊசி போட்டு வளர்த்தால் வாசலுக்கு அதுவே போதும். வாயும் நன்றாகவே இருக்கும்.

வாங்குகிறவர்கள் எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்கக் கூடாது. விற்பதற்கே 2017 மத்திய அரசு விதிப்படி தடை இருக்கிறது. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. பிறகு வருஷா வருஷம். கால்நடை ஆஸ்பத்திரியில் போடலாம். பெரிய வைத்தியம் என்றால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. காதில் சந்தேகம் என்றாலும் அங்கேயே காட்டிக் கேளுங்கள். வீட்டு நாய்தானே என்று கடியை விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினால் ஆகாது.