ஆத்துல போட்ட பணம்!

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நண்பரிடம் வாயைக் கொடுத்தேன். செராமிக் தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர் செய்கிறவர். வீட்டுக்கு வீடு எம்.சி.பி. சுவிட்ச் வந்த பிறகு பாதி நாள் சூளை தூங்குகிறது.

"நொடிச்சுப்போன விமானக் கம்பெனிக்கு கவர்மென்ட் பணம் குடுக்கலாமா, கூடாதா?"

"என் சூளை அணைஞ்சா டெல்லியிலேர்ந்து எவனாவது தீப்பெட்டி எடுத்துக்கிட்டு வருவானா சார்?"

சுருக்கென்றது. ஏர் இந்தியாவைத் தூக்கி நிறுத்த 2012-ல் மத்திய அரசு சம்மதித்தது சுமார் 30,000 கோடி ரூபாய், பல வருஷத் தவணையில். (பூஜ்யத்தை நிதானமாக எண்ணவும்!) அப்படியும் 2021 ஆகஸ்ட் கடைசியில் கடன் 61,562 கோடி. 1953-ல் யாரிடமிருந்து வாங்கினார்களோ, அதே டாடாவிடம் 2022 ஜனவரியில் ஒப்படைத்தார்கள். விலை 18,000 கோடி. அதில் 15,300 கோடி கடன் பொறுப்பு; கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடிதான்.

எங்க ஊர் மணிமுத்தாற்றில் சுந்தரர் போட்ட 12,000 பொன், திருவாரூர் கமலாலயக் குளத்தில் அப்படியே கிடைத்ததாக ஐதீகம். அது சாமி கணக்கு. டெல்லி கணக்கு வேறே!

கொடுக்காமல் விட்டால்? 2019 ஏப்ரல் 17. அவசரத்துக்கு ஜெட் ஏர்வேஸ் கேட்ட 400 கோடியை வங்கிகள் தர மறுத்தன. அன்றிரவே கடைசி விமானம். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் சம்பள பாக்கியோடு தெருவில். முதலாளியின் தப்புக்கு லோடரும் கிளார்க்கும் தண்டம் கட்டுவது என்ன நியாயம்?

"அதிருக்கட்டும், 2020-ல கொரோனா சமயத்துல நீங்க ஒரு லோன் வாங்கினீங்களே... கவர்மென்ட்டே ஜாமீன் நின்ன லோன்?" என்றேன்.

நண்பர் இருமினார். "வாங்கினேன். கட்டி முடிச்சுட்டேனே!"

அதே திட்டத்தில் 2022-ல் விமானக் கம்பெனிகளுக்கு 1,500 கோடி வரை கடன் என்றார்கள். வாங்கிய கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் பறப்பதையே நிறுத்திவிட்டது.

"நான் தவணையை நிறுத்தினா பேங்க்காரர் வீட்டு வாசல்ல வந்து நிப்பார். அவங்க நிறுத்தினா ஏரோப்ளேன்தான் நிக்குது!"

ஜெர்மனிக்காரர்கள் கெட்டி. 2020-ல் லுஃப்தான்சாவுக்குக் கை கொடுத்தபோதே 20 சதவிகிதப் பங்கை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2022-க்குள் விற்று லாபமும் பார்த்துவிட்டார்கள். கொடுப்பதானால் இப்படிக் கொடுக்கட்டும். கூடவே, முதல் காசு ஊழியர் சம்பளத்துக்கு என்று கையெழுத்தும் வாங்கட்டும்.

ரயில் வந்துவிட்டது. ஜன்னலருகே நண்பர் ஓடி வந்தார்.

"சார், நம்ம சூளையிலயும் 20 சதவிகிதம் வேணுமான்னு டெல்லியில கேட்டுச் சொல்லுங்க. தூங்குற பக்கமா பார்த்து எழுதித் தர்றேன்!"